இடுப்புப் பக்கவாட்டிலும் வெளித்தொடையிலும் விடாத வலி: அறிகுறி பார்த்துப் பிரித்தறிவது எப்படி

தொடையின் வெளிப்பக்கம் மாதக்கணக்கில் வலிக்கிறது என்று வருகிறவர்கள் பெரும்பாலும் அதற்குள் நாலு விதத் தைலம் தேய்த்து, மருந்துக் கடையில் ஊசி போட்டு, எக்ஸ்ரேயும் எடுத்து முடித்திருப்பார்கள். எதற்கும் வலி கேட்டிருக்காது. வலி எங்கிருந்து கிளம்புகிறது என்று யாரும் நிதானமாக உட்கார்ந்து பார்க்கவில்லை என்பதுதான் பல பேர் விஷயத்தில் உண்மை. தசையை எலும்போடு சேர்க்கும் தசைநாணுக்குச் செய்ய வேண்டியதை நரம்புக்குச் செய்தால் பலிக்காது. மூட்டு தேய்ந்தவருக்கும் தசை இறுகியவருக்கும் ஒரே பயிற்சி ஆகாது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இயன்முறை சிகிச்சை செய்துவருகிறவள் நான். என்னிடம் வருகிறவர்களை எந்த வரிசையில் கேட்டுப் பிரிக்கிறேனோ அதே வரிசையில் எழுதுகிறேன். உங்களுக்குப் பொருந்துகிற இடம் வந்ததும் அங்கே நின்று படியுங்கள்.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதவை

வயதானவர் வழுக்கி விழுந்து, எழுந்து நிற்க முடியாமல், ஒரு கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். நீவுவதற்கும் கட்டுப் போடுவதற்கும் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

வலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, அடக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கால் பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு தரையில் இழுபட்டாலும் அப்படித்தான். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் உள்ளே ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், அதன்மேல் எண்ணெய் போட்டு அழுத்தவே கூடாது.

சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, புரண்டு எப்படிப் படுத்தாலும் ராத்திரியில் குறையாத வலி, இவை சேர்ந்து வந்தால் தாமதிக்காதீர்கள். காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை, முதுகெலும்புக்கும் இடுப்பு மூட்டுக்கும் வரும். முன்பு புற்றுநோய்க்கு சிகிச்சை எடுத்தவர்களும் புதிய எலும்பு வலியை உடனே காட்ட வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: எலும்பு மெலிவுக்காக அலென்ட்ரோனேட் போன்ற மாத்திரையை வருடக்கணக்கில் எடுப்பவருக்குத் தொடையின் நடுவில் மந்தமான குடைச்சல் வந்தால், அது தொடை எலும்பில் விழும் விரிசலின் முன்னறிவிப்பாக இருக்கலாம். எக்ஸ்ரே எடுக்கும்வரை அந்தக் காலில் பாரம் கொடுக்காதீர்கள்.

இதில் ஒன்றும் இல்லையென்றால் மேலே போகலாம்.

ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்கள்

உள்ளங்கையால் தடவிக் காட்டினால் எதுவும் தெரியாது. நின்றுகொண்டு ஒரு விரலை இடுப்பின் பக்கவாட்டில் வைத்து மெல்லக் கீழே இறக்குங்கள். பேன்ட் பை இருக்கிற உயரத்தில் கெட்டியான மேடு ஒன்று தட்டுப்படும். அது தொடை எலும்பின் மேல்முனை. வலி அந்த மேட்டிலா, அதற்கு முன்னால் இடுப்பெலும்பு முனைக்குக் கீழேயா, தொடை இடுக்கிலா, புட்டத்தில் கிளம்பிக் கீழே ஓடுகிறதா என்று பாருங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். மீதிப் பாதி, வலி எப்போது வருகிறது என்பதில் இருக்கிறது.

"வலிக்கிற பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியல, படி ஏறினா சுரீர்னுது"

வெளித்தொடை வலியில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். 40 வயதைக் கடந்த பெண்களுக்கு, அதிலும் மாதவிடாய் நின்ற காலத்தில், அதிகமாக வரும். மேட்டின்மேல் விரல் வைத்து அழுத்தினால் முகம் சுருங்கிவிடும். தொடையின் வெளிப்பக்கமாக முழங்கால் வரைகூட வலி இறங்கும்.

ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரிந்து விடாமல் பிடித்து நிறுத்துவது புட்டத்தின் பக்கவாட்டில் இருக்கும் குளூட்டியஸ் மீடியஸ், குளூட்டியஸ் மினிமஸ் என்ற இரண்டு தசைகள். நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் இவைதான் உடம்பைத் தாங்குகின்றன. இவற்றின் நாண்கள் அந்த மேட்டில் வந்து ஒட்டுகின்றன. தொடை உள்பக்கமாகச் சாயும்போதெல்லாம், வெளித்தொடையில் ஓடும் அகலமான பட்டை இந்த நாண்களை எலும்போடு சேர்த்து அழுத்துகிறது. நாள் முழுக்க இந்த அழுத்தம் விழுந்தால் நாண் நைந்துபோகும். முன்பெல்லாம் எலும்புக்கும் நாணுக்கும் நடுவே இருக்கும் நீர்ப்பை வீங்கியதாகவே சொல்லி வந்தார்கள். பெரும்பாலோருக்குப் பிரச்சினை நாணில்தான் என்பது இப்போது தெளிவாகிவிட்டது.

சோதித்துப் பார்க்க, சுவரில் ஒரு விரலை மட்டும் ஊன்றி வலிக்கிற காலில் 30 விநாடி நில்லுங்கள். அதற்குள் அந்த மேட்டில் உங்கள் வழக்கமான வலி வந்துவிட்டால் பெரும்பாலும் இதுதான். கூடவே, குனிந்து செருப்பு வார் மாட்டவும் கால் நகம் வெட்டவும் சிரமமில்லை என்றால் மூட்டுத் தேய்மானம் இல்லை என்று ஓரளவு நம்பலாம்.

பயிற்சிக்கு முன்னால் நிறுத்த வேண்டியதை நிறுத்துங்கள். அதைச் செய்யாமல் பயிற்சி மட்டும் செய்கிறவர்கள்தான் "பண்ணிப் பாத்தேன், கேக்கல" என்கிறார்கள்.

நம் ஊரில் முதல் எதிரி இடுப்பில் வைக்கும் குடம். இடுப்பை ஒரு பக்கம் தள்ளி அதன்மேல் குடத்தை உட்கார வைக்கும்போது, அந்தப் பக்கத்து நாண் எலும்போடு நசுங்கியபடி முழு எடையையும் தாங்குகிறது. இடுப்பில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு சமைப்பதும், மாங்காய்ப் பருவத்தில் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடப்பதும் இதே வேலைதான். தண்ணீரை இரண்டு சிறிய பாத்திரமாகப் பிரித்து இரண்டு கையிலும் தூக்குங்கள். ஒரே பை என்றால் வலிக்கிற பக்கத்துக் கையில் பிடியுங்கள். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் எதிர்ப்பக்கக் கையில் பாரம் இருந்தால்தான் வலிக்கிற பக்கத்துத் தசை கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கிறது. ஊன்றுகோலுக்கு நேர்மாறு: வலி வலப்பக்கம் என்றால் கோல் இடக்கையில்.

சிப்காட்டில் மெஷின் முன்னால் நிற்பவர்கள் நேரம் போகப்போக ஒரு காலில் சாய்ந்து இடுப்பைத் தள்ளி நிற்பார்கள். பேருந்து நிறுத்தத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் எல்லாருமே அப்படித்தான் நிற்கிறோம். பாதங்களைச் சற்று அகட்டி இரண்டு காலிலும் சமமாக நில்லுங்கள். நாற்காலியில் கால்மேல் கால் போடாதீர்கள். தரையில் இரண்டு காலையும் ஒரே பக்கம் மடக்கி உட்காருவதும் வேண்டாம். பூக்கட்டும்போது பலர் அப்படித்தான் உட்காருகிறார்கள்.

படுக்கை: பாயில் படுப்பவர்களுக்கு மேடு நேராகத் தரையில் அழுந்தும். கனமான ஜமக்காளத்தையோ பஞ்சு மெத்தையையோ மடித்து அடியில் போடுங்கள். மல்லாந்து படுத்து முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது நல்லது. ஒருக்களித்தே தூங்கிப் பழக்கம் என்றால் வலியில்லாத பக்கம் படுத்து, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை இரண்டு காலுக்கும் நடுவே தலையணை வையுங்கள். வெறும் முழங்காலுக்கு நடுவில் மட்டும் வைத்தால் பாதம் கீழே தொங்கும், பலன் குறையும்.

வெளித்தொடையை இழுத்து நீட்டும் பயிற்சி கைப்பேசிக் காணொளிகளில் ஏராளம். காலைக் குறுக்கே போட்டு இடுப்பை வளைக்கும் அந்த நீட்டல், நாண் நைந்தவருக்கு வலியைக் கூட்டத்தான் செய்யும். மேட்டின்மேல் அழுத்தி நீவுவதும் அப்படியே. எண்ணெய் தேய்ப்பதென்றால் சுற்றியிருக்கும் சதையில் மெதுவாகத் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், போதும்.

இனி பயிற்சி. முதல் இரண்டு வாரம் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தொடைகளைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, துண்டை வெளிப்பக்கமாக மெல்லத் தள்ளுங்கள். கால் அசையக் கூடாது, புட்டத்தின் பக்கவாட்டில் தசை இறுகுவது மட்டும் தெரிய வேண்டும். 10 விநாடி பிடித்து விடுங்கள். ஒரு வேளைக்கு 5 முறை, நாளைக்கு இரண்டு வேளை. அதே நிலையில் இரண்டு பாதத்தையும் ஊன்றிப் புட்டத்தைத் தூக்கி இறக்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வலி அடங்கத் தொடங்கியதும் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் மெதுவாக எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடப்பது, பிறகு தாழ்வான ஒரு படியில் ஏறி இறங்குவது என்று கூட்டிக்கொண்டே போகலாம். படியில் ஏறும்போது உங்கள் இடுப்பு ஒரு பக்கம் சரிகிறதா என்று கண்ணாடியிலோ வீட்டில் ஒருவரிடமோ பார்த்துக்கொள்ளுங்கள். சரிந்தால் இன்னும் தாழ்ந்த படிக்குப் போங்கள்.

எவ்வளவு வலியைப் பொறுக்கலாம்? 10-க்கு 3, 4 என்ற அளவில் பயிற்சியின்போது வலித்தால் பயப்பட வேண்டாம். அன்றிரவு தூக்கத்தில் வலி கூடியதா, மறுநாள் காலை நடை மோசமானதா என்பதுதான் கணக்கு. கூடியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். முழு ஓய்வு இந்த நாணை மேலும் பலவீனமாக்கும். தெளிவான முன்னேற்றத்துக்கு 8 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை தீர்த்தமலைப் படிக்கும் ஓசூர்ச் சந்திரசூடேஸ்வரர் மலைப் படிக்கும் அவசரப்படாதீர்கள். ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

"ஊசி போட்டா சரியாயிடுமா" என்று கேட்பார்கள். ஆஸ்திரேலியாவில் 204 பேரை வைத்து நடந்து, 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு ஒன்று இதைத்தான் பார்த்தது. 8 வாரம் கழித்து, நன்றாகத் தேறிவிட்டோம் என்றவர்கள் அறிவுரையும் பயிற்சியும் பெற்றவர்களில் நூற்றுக்கு 77 பேர். ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 58. சும்மா பொறுத்திருந்தவர்களில் 29. ஒரு வருடம் கழித்தும் தேறியதாகச் சொன்னவர்கள் பயிற்சிக் குழுவில்தான் அதிகம். தூங்கவே முடியாத வலிக்கு மருத்துவர் ஊசி சொன்னால் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஊசிக்குப் பிறகும் இதே பயிற்சிதான். சர்க்கரை நோயாளிகள் ஊசி போட்ட சில நாட்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறும் என்பதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

"எரியுது, மதமதன்னு இருக்கு, துணி பட்டாலே ஆகல"

வெளித்தொடையின் தோலில், ஒரு கை அகலத்துக்கு எரிச்சலும் மரப்பும் இருக்கும். கால் பலம் குறையாது, வலி முழங்காலைத் தாண்டாது. இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பக்கத்தில் தொடைக்குள் இறங்கும் ஒரு தோல் நரம்பு அழுந்துவதால் வருவது. அந்த நரம்புக்குத் தொட்டறியும் வேலை மட்டும்தான், தசையை இயக்கும் வேலை இல்லை.

இங்கே பயிற்சியைவிட நாடாவைத் தளர்த்துவதுதான் மருந்து. இறுக்கிக் கட்டிய பாவாடை நாடா, இடுப்பெலும்பின் மேல் பூட்டிய பெல்ட், லாரி ஓட்டுநர்கள் கட்டிக்கொள்ளும் பணப்பை, தொழிற்சாலையில் கருவி மாட்டும் வார், எது உங்களை அழுத்துகிறது என்று பாருங்கள். பாவாடை நாடாவுக்குப் பதில் அகலமான துணிப்பட்டி வைத்துத் தைத்துக்கொள்ளலாம். முடிச்சு இடுப்பெலும்பின் மேல் விழக் கூடாது. கர்ப்ப காலத்திலும் வயிறு பெருத்தவர்களுக்கும் இது வரும், பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தானே போய்விடும். சர்க்கரை நோய் இருப்பதே தெரியாமல் இந்த எரிச்சலோடு வருகிறவர்கள் உண்டு, ஆகவே ரத்தச் சர்க்கரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எரிச்சல் வந்த சில நாளில் அதே இடத்தில் கொப்புளம் கிளம்பினால் அது அக்கி. செம்மண் பூசிக் காத்திருக்காதீர்கள். கொப்புளம் வந்த 3 நாளுக்குள் மாத்திரை தொடங்கினால்தான் நல்ல பலன்.

"முழங்காலைத் தாண்டிக் காலுக்கு இழுக்குது"

கீழ்முதுகிலோ புட்டத்திலோ கிளம்பி, வெளித்தொடை வழியாகக் கெண்டைக்காலுக்கும் பாதத்தின் மேற்புறத்துக்கும் வலி ஓடினால், இருமும்போதும் தும்மும்போதும் சுரீரென்று அடித்தால், வேர் முதுகில் இருக்கிறது. தொடையை எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. முதல் சில நாள் வலி தாங்கும் அளவுக்கு நடந்துகொண்டிருங்கள், படுத்தே கிடக்காதீர்கள். குனிந்து மூட்டை தூக்குவதையும் குண்டும் குழியுமான சாலையில் நெடுந்தூரம் பைக் ஓட்டுவதையும் ஒத்திவையுங்கள். பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் அடங்கிவிடும். காலின் பலம் குறைகிறதா என்பதை மட்டும் கவனமாகப் பாருங்கள்: குதிகாலில் நடந்து பார்த்து, பெருவிரலைத் தூக்கிப் பார்த்து, இரண்டு காலும் சமமாக இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை சோதியுங்கள்.

"வண்டி ஓட்டி இறங்கினா பிடிச்சுக்குது, நாலு அடி நடந்தா விடுது"

இடுப்பெலும்பு முனைக்குச் சற்றுக் கீழே, முன்பக்கமும் பக்கவாட்டும் சேரும் இடத்தில் வலித்தால் அங்கிருக்கும் தசை இறுகியிருக்கிறது. தொப்பூர் கணவாயில் கிளட்சும் பிரேக்கும் மாற்றி மாற்றி மிதிக்கிற ஓட்டுநர்கள், பெங்களூருக்குத் தினம் போய்வருகிறவர்கள், கணினி முன் உட்காருகிறவர்களுக்கு வரும். டென்னிஸ் பந்தைச் சுவருக்கும் அந்தத் தசைக்கும் நடுவே வைத்து ஒரு நிமிடம் மெல்ல அழுத்தினால் இளகும் (பந்து மேட்டின்மேல் ஏறக் கூடாது). மணிக்கு ஒருமுறை இறங்கி நடந்தால் திரும்ப வருவது குறையும். இருக்கையை ரொம்பத் தாழ்த்தி வைத்திருந்தால் சற்று உயர்த்துங்கள்.

"சம்மணம் போட முடியல, செருப்பு மாட்ட முடியல"

கேட்டால் பக்கவாட்டையும் காட்டுவார்கள். ஆனால் ஒரே விரல் என்றதும் விரல் தொடை இடுக்குக்குப் போகும். காலை உள்பக்கம் திருப்பினால் தடைபடும். காலையில் எழுந்ததும் அரைமணிக்குள் தீர்ந்துவிடும் இறுக்கம் இருக்கும். நடுவயதுக்கு மேல் என்றால் இடுப்பு மூட்டுத் தேய்மானம். இதற்கும் பயிற்சி உண்டு, எடை குறைத்தால் உதவும், தரையில் உட்காருவதைக் குறைத்து மேற்கத்திய கழிப்பறைக்கு மாறினால் பெரிய நிம்மதி.

வயது 30, 40-தான், ஆணாக இருக்கிறார், இதே வலி என்றால் எனக்குக் கவலை வேறு. தொடை எலும்பின் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு பட்டுப்போகும் நோய் அது. அதிகமாக மது அருந்துவதும், ஸ்டீராய்டு மருந்தை நீண்ட நாள் அல்லது அதிக அளவில் எடுப்பதும் முக்கியக் காரணங்கள். வலிக்கும் மூச்சிரைப்புக்கும் பெயர் எழுதாத பொட்டலத்தில் தரும் மாத்திரையிலும் தூளிலும் ஸ்டீராய்டு இருக்கலாம். தயவுசெய்து அதை வாங்கிச் சாப்பிடாதீர்கள். ஆரம்ப நிலையில் எக்ஸ்ரே ஒன்றும் காட்டாது, எம்.ஆர்.ஐ. தான் காட்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மூட்டைக் காப்பாற்ற வழியிருக்கிறது.

"ரெண்டு பக்கமும் வலிக்குது, உடம்பே கட்டை மாதிரி ஆயிடுச்சு"

இரண்டு இடுப்பும் இரண்டு தொடையும் சேர்ந்து வலித்தால் உள்ளூர்த் தசையை விட்டுவிட்டு முழு உடம்பையும் பார்க்க வேண்டும். அதிலும் நம் இரண்டு மாவட்டங்களில் தண்ணீரைக் கேட்காமல் இந்த வலிக்கு மருந்து கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இங்கே பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் எலும்பில் படியும், தசைநார்களும் சுண்ணாம்பு ஏறி இறுகும். முதுகு, இடுப்பு, முழங்கால் வலியில் தொடங்கி, கடைசியில் உடம்பை வளைக்க முடியாமல் போகும். ஒகேனக்கல் காவிரி நீரை இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுவந்து 2013-இல் தொடங்கிய கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடால் வரும் இந்த நோய்) குறைப்பு என்பது இருக்கிறது. அவ்வளவு பெரிய சிக்கல் இது. குழாயில் காவிரி வராத நாளில் மறுபடி போர் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தால் பாதிப்பு தொடரும்.

மூன்று அசைவுகளைச் செய்து பாருங்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட முடிகிறதா? தாடை நெஞ்சைத் தொடுகிறதா? கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, மடக்கி, பிடரியைத் தொட முடிகிறதா? மூன்றும் வரவர முடியாமல் போனால் மருத்துவரிடம் ஃபுளோரோசிஸ் சந்தேகத்தை நீங்களே சொல்லுங்கள். பல்லில் பழுப்புக் கோடு இருந்தால் கூடுதல் தடயம். ஆனால் அந்தக் கறை சிறுவயதில் பல் உருவாகும்போது விழுவது, வளர்ந்தபின் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணுக்குப் பல் சுத்தமாகவே இருக்கும், எலும்பு மட்டும் பாதிக்கப்பட்டிருக்கும்.

குடிநீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்றும் அளவுக்கு அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. கருவி குறைக்கும். கால்சியம் நிறைந்த சாப்பாடு ஃபுளோரைடு உடம்பில் சேருவதைக் குறைக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கால்சியம் உண்டு. களியும் மோரும் நம் வீட்டிலேயே இருக்கின்றன, பிள்ளைகளை அதிலிருந்து விலக்காதீர்கள்.

தண்ணீர் சரியாக இருந்தால் வைட்டமின் டி. தரையிலிருந்து எழத் தொடையில் பலமில்லை, நடை வாத்து போல ஆடுகிறது என்றால் ரத்தத்தில் அதைப் பாருங்கள். கொழுப்புக்கு அட்டார்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் எடுப்பவருக்கு இரண்டு தொடையும் கடுத்தால் மருந்தின் விளைவாக இருக்கலாம். நீங்களே நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றுவார். 50 வயதுக்கு மேல் திடீரென்று இரண்டு தோளும் இரண்டு இடுப்பும் காலையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தால், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனை வேண்டும். தைராய்டும் பார்த்துவிடலாம்.

யாரிடம் போவது

6 வாரம் முறையாகச் செய்தும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எலும்பியல் பிரிவும் இயன்முறை சிகிச்சையும் இருக்கின்றன. நடந்து வர முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வரும். 2021 ஆகஸ்ட் 5-இல் அந்தத் திட்டம் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். உங்கள் ஊர் சுகாதாரத் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயர் கொடுங்கள்.

போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: விரல் காட்டிய இடம், ராத்திரி எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கிறது, 30 விநாடி நிற்க முடிந்ததா, வலி முழங்காலைத் தாண்டுகிறதா, எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள். இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும், பெயர் தெரியாத பொட்டலம் இருந்தால் அதையும் மறைக்காமல் கையோடு எடுத்துப் போங்கள்.